பெட்டி பிரித்த கிட்டார்

“வாசிச்சுப் பாருங்கண்ணே” என்று சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரிலும் சொருகி, சட்டைப் பையிலிருந்து கம்பியை மீட்டும் பிக் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு அந்தக் கடைப் பையன் நகர்ந்துகொண்டபோது, எனக்குத் தெரிந்த எதுவும் விரலுக்கு வரவில்லை. கடையில் என்னைத் தவிர, மகளுக்குக் கீபோர்டு பார்க்க வந்த ஒரு குடும்பமும் தோளில் கிட்டார்ப் பையோடு இரண்டு கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்று எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தடித்த கம்பியை இரண்டு முறை தட்டி, “நல்லா இருக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 44 வயதில், சொந்தச் சம்பளத்தில் ஒரு பொருள் வாங்கப் போன இடத்தில், மேடையேறிப் பாட்டை மறந்த பள்ளிப் பிள்ளையைப் போல நின்றேன்.

நாம் திருப்பிக் கொடுத்தால் அடுத்து நடப்பது எல்லாக் கடைகளிலும் ஒன்றுதான். பையன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றி, கொஞ்சம் எக்கோவும் சேர்த்து, அரை நிமிடத்துக்கு மின்னல் வேகத்தில் வாசித்துக் காட்டுவான். கீபோர்டு பார்க்க வந்த குடும்பம்கூடத் திரும்பிப் பார்க்கும். அந்த அரை நிமிடத்தில் கிட்டாரைப் பற்றி நமக்குத் தெரியவருவது ஏதுமில்லை. நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் கம்பி எங்கே இரைகிறதோ அந்த இடத்தைத் தானறியாமலே தவிர்த்துவிடுவான்; சுருதி சற்று விலகினால் விரலாலேயே சரிசெய்துகொள்வான்; மிச்சத்தை டிஸ்டார்ஷன் மூடிவிடும். அவன் வாசித்தால் எந்தக் கிட்டாரும் நல்ல கிட்டார்தான். ஆனால் கிட்டாரோடு அவனையும் வீட்டுக்கு அழைத்துப் போக முடியாது. மூன்று மாதம் கடை கடையாக அலைந்து நான் கற்றுக்கொண்டது இது: தட்டுத்தடுமாறும் என் கையில் அது எப்படி ஒலிக்கிறது என்பதைக் கூச்சப்படாமல் கேட்டாக வேண்டும்.

எலெக்ட்ரிக் கிட்டார் மீது எனக்கு ஆசை வந்தது ராக் இசையால் அல்ல. என் அம்மா வீணை வாசிப்பார். எனக்கும் ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தார். சுகுமார் பிரசாத் எண்பதுகளில் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்தார்; பின்னால் பிரசன்னா அதைத் தொடர்ந்தார். மேற்கத்திய மாண்டலினை எலெக்ட்ரிக் மாண்டலினாக்கி ஐந்து கம்பி கட்டிக்கொண்டு உ. ஸ்ரீநிவாஸ் செய்ததை நம் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இவர்களைக் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, மெல்லிய கம்பியும் நீண்டு ஒலிக்கும் சத்தமும் உள்ள ஒரு கருவியில் சுரத்தை அசைக்கும் கமகம் எப்படி வரும் என்று பார்க்கத் தோன்றுவது இயல்புதானே. வீட்டிலிருந்த வீணையை விட்டுவிட்டு இதென்ன என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மதுரையில் எலெக்ட்ரிக் கிட்டார் பார்ப்பது கடினம். நாதஸ்வரம், தவில், ஆர்மோனியம் ஆகியவற்றில் நம் ஊர்க் கடைகளுக்குள்ள தேர்ச்சி தனி; தவிலின் வலந்தலையை ஒரு விரலால் தட்டிப் பார்த்துப் பதத்தைச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே கடைகளில் எலெக்ட்ரிக் கிட்டார் என்பது சுவரில் பிளாஸ்டிக் உறையோடு தொங்கும் ஒன்றிரண்டு பீஸ்கள்தான். ஒரு கடையில் உறையைக் கழற்றவே மறுத்து, “வாங்கறதா இருந்தா எடுத்துத் தர்றோம்” என்றார்கள். இன்னொன்றில் எடுத்துக் கொடுத்தார்கள். கம்பிகளில் விரலை ஓட்டியதும் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. எஃகுக் கம்பி மாதக்கணக்கில் தொங்கினால் துருப்பிடிக்கத்தான் செய்யும். துருப்பிடித்த கம்பியில் எந்தக் கிட்டாரின் குரலையும் எடைபோட முடியாது. கிட்டாரோடு சின்ன ஆம்ப், பை, ஸ்ட்ராப், கேபிள் எல்லாம் சேர்த்து “காம்போ” என்று ஒரு விலை சொன்னார்கள். பாத்திரக் கடையில் குக்கரோடு கொடுக்கும் இலவச டப்பாக்களை நினைவுபடுத்திய அந்தத் தொகுப்பில், கிட்டாரின் பங்கு எவ்வளவு என்று கேட்டதற்கு ஒழுங்கான விடை வரவில்லை. ஆகவே இரண்டு நாள் விடுப்பெடுத்து, வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் புறப்பட்டேன்.

போகும் வழியில் நோட்டில் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கு எனக்கு உதவியது இணையத்தைவிட வீணைதான். வீணையில் கம்பிக்குக் குறுக்கே வரிசையாக உள்ள 24 உலோக மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்பவை. நாளாக ஆக மெழுகு இளகி மெட்டு நகரும். அப்போது கைவினைஞர் ஒருவரை வரவழைத்து, பழைய மெழுகை எடுத்துவிட்டுப் புது மெழுகில் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்த வேண்டும். அதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். எங்கள் வீட்டில் மேளம் கட்டும் நாளென்றால் காலையிலிருந்து மாலைவரை முதற்கம்பியான சாரணியின் ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். கிட்டாரில் இந்த வேலையைத் தொழிற்சாலை கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. ஃபெண்டர் நிறுவன அளவுள்ள கிட்டாரில் கழுத்து முனையிலுள்ள நட்டிலிருந்து உடலின் மேலுள்ள குதிரைவரை கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர், அதை 17.817 ஆல் வகுத்தால் வரும் 36.4 மில்லிமீட்டரில் முதல் ஃப்ரெட், அதாவது கிட்டாரின் மெட்டு. மிஞ்சும் நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். மரத்தில் அறைந்த ஃப்ரெட்டை யாரும் நகர்த்த முடியாது. நகர்த்த முடிவது குதிரையின் மேலுள்ள ஆறு சின்ன இரும்புத் துண்டுகளை மட்டுமே. கம்பியை அழுத்தும்போது அதன் இழுவிசை சற்று ஏறிவிடுவதால், ஒவ்வொரு கம்பிக்கும் அந்தத் துண்டைத் திருகாணியால் முன்னும் பின்னும் தள்ளி ஈடுகட்டுவார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருந்தால் கிட்டாருக்கு மேளம் சரி. நோட்டில் முதலில் எழுதியது இதைத்தான்.

சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் போனால் முதலில் கண்ணில் படுவது மியூசி மியூசிகல். 1842இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை அது. நான் பியானோக்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நண்பர் சொல்லியிருந்த வேறு கடைகளைத் தேடிப் போனேன்.

அவற்றில் முதல் கடை பெரியது. ஒரு சுவர் முழுக்க எலெக்ட்ரிக் கிட்டார்கள். பெயர் சொல்ல வேண்டாம். சுவரைப் பார்த்ததும் வந்த மயக்கம் முதல் கிட்டாரை மடியில் வைத்த ஐந்தாவது நிமிடம் தெளிந்தது. கம்பியைத் தொட்ட விரல் சிலிர்த்தது. எறும்பு ஊர்வதைப் போன்ற மெல்லிய சிலிர்ப்பு. கையை எடுத்துவிட்டு மீண்டும் தொட்டேன், மீண்டும் அதே. ஆம்ப்பின் பின்னால் குனிந்து பார்த்தபோது அதன் மூன்று முள் பிளக்கை ஒரு இரண்டு முள் அடாப்டரில் சொருகி, அதை நீட்டிப்புப் பலகையில் மாட்டியிருந்தார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் குதிரை வழியாக, கேபிள் வழியாக, ஆம்ப்பின் உலோகச் சட்டத்தோடும் அதன் எர்த்தோடும் இணைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் ஆம்ப்பிலிருந்து கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் கம்பிவரை வந்து நிற்கும். “எல்லா ஆம்ப்லயும் அப்படித்தான் சார் இருக்கும்” என்றார் கடைக்காரர். எல்லா ஆம்ப்பிலும் அப்படி இருக்காது. இருந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் வாசிப்பவர்கள் இதையொன்றைக் கட்டாயம் கவனியுங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்காரும் பழக்கம் நமக்கு வேறு இருக்கிறது.

அங்கிருந்து இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆம்ப் இரைந்துகொண்டே இருந்தது, தூரத்தில் மாவு மிஷின் ஓடுவதைப் போல. எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் தலைமுடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆனால் சுருளுக்குக் கிட்டார்க் கம்பி எது, கடையின் டியூப்லைட் எது என்று தெரியாது. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையையும் அது வாங்கி ஒலித்துவிடுகிறது. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டார்: இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுற்றும் திசையையும் காந்த முனையையும் எதிரெதிராக்கினால், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்பது அதுதான். ஒற்றைச் சுருளுக்கு ஒரு தெளிவு உண்டு, பித்தளைப் பாத்திரத்தில் தட்டியது போல. ஹம்பக்கர் கனத்த குரல். எனக்கு இரண்டும் வேண்டியிருந்ததால், குதிரையருகே ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் ஒற்றைச் சுருளும் உள்ள வகையைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். ஒன்று நினைவில் வையுங்கள்: கம்பியின் மேல் கையை வைத்தால் இரைச்சல் குறைய வேண்டும். கூடினால் எங்கோ வயரிங் தவறு.

மறுநாள் போன கடை சிறியது, ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கிட்டாரின் கம்பிகளைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொல்லி, “எனக்கு வாசிக்க வராது, ஆனா நான்தான் வாசிச்சுப் பாக்கணும்” என்று தொடங்கிவிட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூச்சம் பாதி போய்விடுகிறது. அவர் சிரித்துவிட்டு, ஆம்ப்பில் வால்யூம் தவிர எல்லாத் திருகுகளையும் இறக்கி வைத்து, தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்த முதுகைக் காட்டிய மரியாதைக்காகவே அந்தக் கடையில் வாங்கலாம்.

ஒரே மாடலில் இரண்டு கிட்டார்கள் தொங்கின. ஒன்று கறுப்பு, மற்றொன்று மஞ்சளும் அல்லாத பச்சையும் அல்லாத ஒரு நிறம், வெந்தயக் கீரையைக் கொதிக்க வைத்து இறக்கியது போல. மாடலின் பெயரை எழுதப் போவதில்லை. இது அந்தப் பெயரைப் பற்றிய கட்டுரையும் அல்ல. முதலில் இரண்டையும் ஆம்ப் இல்லாமலே பார்த்தேன். ஆசாரி பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதைப் போலக் கழுத்தைப் பார்த்தேன். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் கம்பியே அடிமட்டமாகிவிடும். நடுவில் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் கழுத்துக்குச் சரியான வளைவு இருக்கிறது. இரண்டிலும் இருந்தது. கழுத்தின் விளிம்பில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டினேன். கறுப்பில் ஃப்ரெட் நுனிகள் நான்கைந்து இடங்களில் முள்ளாகக் குத்தின, மற்றதில் இல்லை. பிறகு கிட்டாரின் மேல் கொம்பை தாடையெலும்பில் அழுத்திக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டிக் கேட்டேன். மரம் அதிர்வதை எலும்பின் வழியாகக் கேட்கும் இந்த வித்தையைச் சிறுவயதில் வீணைக் குடத்தின் மேல் கன்னத்தை வைத்துக் கற்றது. பார்ப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஆனால் இரண்டையும் பிரித்துக் காட்டியது வேறொரு சோதனை. வீணை பழகிய கைக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்காமல் இருக்கத் தெரியாது. ஒரே மெட்டில் நின்று கம்பியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களை எட்டுவதுதான் வீணையின் கமகமே. வீணையின் மெட்டு உயரமானது, நேரானது. எவ்வளவு இழுத்தாலும் கம்பி எதிலும் முட்டாது. கிட்டாரின் விரற்பலகையோ குறுக்குவாட்டில் வளைந்திருக்கும். பழைய ஃபெண்டர் அமைப்பில் அந்த வளைவு 7.25 அங்குல ஆரம் கொண்ட வட்டத்தின் துண்டு. பிற்காலத்தில் பெரும்பாலும் 9.5 ஆயிற்று, கிப்சனில் 12. எண் குறையக் குறைய வளைவு அதிகம். கம்பிகள் தாழ்வாகக் கட்டப்பட்டு வளைவும் அதிகமாக இருந்தால், ஓரத்துக் கம்பியை நடுமேட்டை நோக்கி இழுக்கும்போது அது மேலேயுள்ள ஃப்ரெட்டில் போய் உட்கார்ந்துவிடும், ஒலி சட்டென்று செத்துவிடும். கறுப்புக் கிட்டாரில் முதல் கம்பியின் பதினான்காவது ஃப்ரெட்டில் தொடங்கி ஒரு முழுச் சுரம் இழுத்தேன். முக்கால்வாசி ஏறியதும், பாடிக்கொண்டிருந்தவரின் வாயைப் பொத்தினாற்போல் நின்றுவிட்டது. அடுத்த ஃப்ரெட்டிலும் அப்படியே. வெந்தயக்கீரை நிறத்ததில் அதே இடத்தில் அதே இழுப்பு கடைசிவரை போயிற்று. போன இடத்தில் நின்று அசைக்கவும் முடிந்தது. ஒரே மாடல், ஒரே வளைவு. ஏதோ ஒரு ஃப்ரெட்டின் தலை காகிதத் தடிமன் உயர்ந்திருந்தால் போதும், இந்த வித்தியாசம் வந்துவிடும். கடைப் பையனின் மின்னல் வேக வாசிப்பில் இது ஒருபோதும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவன் அந்த இடத்தில் அவ்வளவு நேரம் நிற்கமாட்டான்.

“இதையே எடுத்துக்கறேன்” என்றேன். கடைக்காரர் எழுந்து, “இது டிஸ்பிளே பீஸ் சார். உள்ள சீல் பிரிக்காத பெட்டி இருக்கு, அதுல தர்றேன்” என்று நல்ல மனதோடுதான் சொன்னார். நம் ஊரில் இதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது. மிக்ஸி வாங்கினாலும் புடவை வாங்கினாலும் மேலே இருப்பதை விட்டு உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்கியே நாம் வளர்ந்திருக்கிறோம். ஊரார் கை பட்டது மட்டம், நம் கையால் பிரிப்பது உயர்வு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது கறுப்பைப் போன்றதா, இதைப் போன்றதா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு இந்த மரம்தான் வேண்டும், இதன் பின்புறத்தில் யாருடைய பெல்ட் பக்கிளோ கீறிய அரை அங்குலக் கீறலோடு வேண்டும் என்று சொன்னபோது, அவர் ஒரு கணம் என்னையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு நிறத்தில் வேண்டுமா என்றும் கேட்டார். அந்த நிறம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வாசிக்கும்போது அதன் முகம் எதிரே இருப்பவர்களைப் பார்க்கும், என்னையல்ல.

விலை 26,500 ரூபாய். கீறலைக் காட்டிக் குறைக்கச் சொல்ல நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, புதுக் கம்பி போட்டு என் எதிரிலேயே செட்டப் செய்து தரச் சொன்னேன். ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடியைவிட அது மேல். ஒன்பதாம் எண் செட், அதாவது முதல் கம்பி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு தடிமன், இழுப்புக்கு இலகுவானது. அவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். குதிரைத் துண்டுகளைத் திருகி, மீட்டி, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்து, மறுபடி திருகி என்று அவர் செய்ததைப் பார்த்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் மெழுகோடு உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வந்தார். வால்யூம் திருகில் கரகரப்பு இருந்ததையும் ஸ்பிரே அடித்துச் சரிசெய்தார். ஆம்ப்பை அங்கே வாங்கவில்லை. மூன்று முள் பிளக்கும் ஹெட்ஃபோன் துளையும் உள்ள பத்து வாட் ஆம்ப் ஒன்றைப் பின்னால் மதுரையிலேயே வாங்கிக்கொண்டேன்.

இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் கிட்டாரைச் சுவர்ப் பக்கம் படுக்கவைத்து, நான் விளிம்பில் ஒருக்களித்துக் கிடந்தேன். கீழ்ப் பெர்த்துப் பெரியவர், “வயலினா தம்பி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போனார்.

வீட்டில் அம்மா நிறத்தைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. அதுவே ஒரு விமர்சனம். ஒரு வாரம் கழித்து ஒரு மாலை, ஹாலில் சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோது, தானே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கம்பியைச் சுருதிப் பெட்டியின் ஸட்ஜமத்தில் சேர்க்கச் சொன்னார். கம்பியை முறுக்கும் பிரடையைத் திருகிச் சேர்த்துக் கொடுத்தேன். மெதுவாக ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறிவந்து, நான்காவதில் நின்று, அதையே இரண்டு மூன்று முறை மீட்டினார்.

“காந்தாரம் கொஞ்சம் ஏறி நிக்குதேடா.”

டியூனரைக் கொண்டுவந்து பார்த்தேன். பச்சை விளக்கு, முள் நட்டநடுவில். “சரியாத்தான்மா இருக்கு” என்று காட்டினேன்.

“விளக்கு எரியுது, சரி. நீ சுருதியோட சேர்த்துக் கேளு.”

கேட்டேன். ஏறித்தான் இருந்தது. கணக்குப் போட்டு அறைந்த ஃப்ரெட்டில் காந்தாரம் ஸட்ஜமத்திலிருந்து 400 சென்ட் உயரத்தில் நிற்கும்; ஒரு ஃப்ரெட்டின் ஏற்றம் நூறு சென்ட். சுருதியோடு ஒட்டி ஒலிக்கும் அந்தரகாந்தாரம் 386இல் இருக்கிறது. அந்தப் பதினான்கைத்தான் அம்மா கேட்டிருக்கிறார். குதிரையில் அதற்கென்று ஒரு திருகாணியும் கிடையாது.

“இதுக்கு மேளம் கட்ட ஆள் இருக்கா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “இறக்க முடியாது, ஏத்தத்தான் முடியும், இல்லையா?” என்றபடி ஒரு ஃப்ரெட் பின்னால் போய், மூன்றாவதில் விரலை வைத்துக் கம்பியை இழுத்து, காந்தாரத்தை அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.